இரு முனையும் கட்டிய ரப்பர்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ சோல் ஊற்றும் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் இஞ்செக்‌ஷன் மெஷினுக்கு இரண்டடி தள்ளி ஓர் அரவை மெஷின் கடகடத்துக்கொண்டிருக்கும். அச்சைத் திறந்து சோலை எடுத்ததும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் காம்பு, ஓரப் பிசிறு, நிறம் தப்பிய சோல் எல்லாம் அதற்குள்தான் போகும். பொடியாகி வெளியே வந்து, புது மணிகளோடு கலந்து, மறுபடி ஹாப்பரில் விழும். பழைய ரப்பர் சோல் தொழிலிலிருந்து வந்தவர்களுக்கு இது சுலபத்தில் மனசுக்குள் இறங்காது. கந்தகம் போட்டு பிரஸ்ஸில் வேகவைத்த ரப்பர் வெந்தால் வெந்ததுதான். பிசிறை வெட்டி மூட்டை கட்டி அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டும். அதை மறுபடி உருக்கி ஊற்றுகிற பேச்சே கிடையாது.

நான் குரோம்பேட்டையில் ரப்பர் தொழில்நுட்பம் படித்துவிட்டு இந்த டி.பி.ஆர். எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் ரப்பர் சோல் தொழிலுக்கு வந்தவன். மெஷின் ஓட்டிய பாய் ஒருவர் ஆரம்பத்திலேயே என்னை மடக்கினார். "சார், இது ரப்பரா, பிளாஸ்டிக்கா?"

"சூட்டுல பிளாஸ்டிக், ஆறினா ரப்பர், பாய்."

"சரி. ரப்பர்னா வேகவைக்கணுமே. இதை வேகவைக்கிறது யாரு?"

கல்லூரியில் யாரும் கேட்காத கேள்வி. இதற்குப் பதில் ஒரு சமன்பாட்டில் இல்லை; ஒரு முப்பது வருட வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைப் புத்தகங்கள் பெரும்பாலும் 'தற்செயலான கண்டுபிடிப்பு' என்று முடித்துவிடுகின்றன. எனக்கு அது உடன்பாடில்லை. தற்செயல் அதில் உண்டு, ஆனால் அது கடைசிக் காட்சியில் வருகிற சின்னப் பாத்திரம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்கு முன்பே மலாயா போய்விட்டது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவர்களில் ஏராளமானோரைச் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் இழுத்துக்கொண்டு போனது இன்னொரு வரலாறு, அதைத் தனியாக எழுத வேண்டும். அமெரிக்காவில் அந்த ஆண்டு ஜூன் மாதம் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, வீட்டில் கிடக்கும் பழைய ரப்பரைப் பெட்ரோல் பங்குகளில் கொண்டுவந்து போடச் சொன்னார். பவுண்டுக்கு ஒரு சென்ட் விலை. தோட்டக் குழாய், மழைச் செருப்பு, தரை விரிப்பு எல்லாம் குவிந்தன. குவிந்ததை வைத்து ஒரு ராணுவத்துக்கு டயர் போட முடியாது. பழைய வெந்த ரப்பரை என்ன செய்வது என்ற அதே தலைவலி அங்கேயும்.

ஆகவே செயற்கை ரப்பர். வழி ஏற்கெனவே ஜெர்மானியருக்குத் தெரிந்திருந்தது. ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் வால்டர் பாக், எட்வர்ட் சுங்குர் இருவரும் 1929-லேயே பியூட்டடையீனையும் ஸ்டைரீனையும் சோப்புத் தண்ணீரில் கலந்து பால்போன்ற ரப்பர் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். அமெரிக்க அரசு அதைத் தழுவி ஜி.ஆர்.எஸ். என்று பெயரிட்டது: எடையில் 75 பங்கு பியூட்டடையீன், 25 பங்கு ஸ்டைரீன். 1941-ல் அந்நாடு செய்த பொதுப் பயன்பாட்டுச் செயற்கை ரப்பர் வெறும் 231 டன். 1945-ல் மாதத்துக்கு 70,000 டன். போர்க்காலத்தில் அரசாங்கம் பணம் போட்டுத் தனியார் நடத்திய இந்த வேகத்தைப் பற்றித் தலையணை தலையணையாகப் புத்தகங்கள் இருக்கின்றன. நம் கதைக்கு வேண்டியது அதில் ஒரே ஓர் ஆலை.

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே டாரன்ஸ் ஊரை ஒட்டி, சுமார் 280 ஏக்கரில் அதைக் கட்டினார்கள். உண்மையில் அது ஒன்றையொன்று ஒட்டிய மூன்று ஆலைகள். ஸ்டைரீனை டவ் நிறுவனம் செய்தது, பியூட்டடையீனை ஷெல் செய்தது, இரண்டையும் வாங்கி ரப்பராக்கும் வேலையை குட்இயரும் யு.எஸ். ரப்பரும் பார்த்தன. போர் முடிந்து பத்து வருடம் கழித்து, 1955-ல், அரசாங்கம் இந்த ஆலைகளை விற்றபோது டாரன்ஸை ஷெல் வாங்கிக்கொண்டது. எண்ணெய்க் கம்பெனி ஒன்று ரப்பர்க் கம்பெனியாக ஆனது இப்படித்தான்.

ஜி.ஆர்.எஸ்.ஸில் ஸ்டைரீனும் பியூட்டடையீனும் மூலக்கூறுச் சங்கிலியில் எப்படி உட்கார்ந்திருக்கும்? தோராயமாக. நாலு பியூட்டடையீன், ஒரு ஸ்டைரீன், மறுபடி ஏழு பியூட்டடையீன், ஒரு ஸ்டைரீன், இப்படி ஒரு ஒழுங்கும் இல்லாமல். யார் முதலில் வந்தாரோ அவர் ஒட்டிக்கொள்வார். அந்த முறையில் ஒரு சங்கிலி பிறந்து வளர்ந்து சாவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. வளரும் நுனி இன்னொரு நுனியைச் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். நடுவில் கையை நுழைத்து 'இப்போது ஸ்டைரீன் போதும், பியூட்டடையீன் மட்டும்' என்று சொல்ல யாராலும் முடியாது. நான் இன்று சோல் ஊற்றும் பொருளிலும் இருப்பது இதே ஸ்டைரீன், இதே பியூட்டடையீன். விகிதம்கூடப் பெரிதாக மாறவில்லை. நூற்றுக்கு முப்பது பங்கு வரை ஸ்டைரீன், மிச்சம் பியூட்டடையீன். ஜி.ஆர்.எஸ்.ஸை வேகவைக்காவிட்டால் பிசின், இதை வேகவைக்கவே வேண்டாம். வித்தியாசம் முழுவதும் வரிசையில் இருக்கிறது.

அந்த வரிசையைக் கைக்குள் கொண்டுவந்தவர் ரப்பர்க்காரர் அல்லர். மைக்கேல் ஷ்வார்ட்ஸ் 1909-ல் போலந்தில் பிறந்தவர். வார்சாவில் வேதிப் பொறியியல் படித்து, 1930-களில் பாலஸ்தீனத்துக்குப் போய், போர் முடிந்ததும் மான்செஸ்டரில் மைக்கேல் போலானியிடம் வேலை செய்து, 1952-ல் அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் வந்து சேர்ந்தார். சேர்ந்த இடம் ஒரு வனவியல் கல்லூரி. மரம், கூழ், காகிதம் என்று இருக்கும் ஓர் இடத்தில் ஒரு மனிதர் சீல் வைத்த கண்ணாடிக் குடுவைகளோடு உட்கார்ந்து இதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி. பெரிய ரப்பர்க் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கூடங்கள் ஏக்ரானில் தெருவுக்குத் தெரு இருந்த காலம் அது.

அவர் செய்தது பார்ப்பதற்கு அழகான சோதனை. சோடியத்தையும் நாப்தலீனையும் டெட்ராஹைட்ரோஃப்யூரான் என்ற கரைப்பானில் போட்டால் கரும்பச்சை நிறம் வரும். அதில் ஸ்டைரீனை விட்டதும் பச்சை மறைந்து செக்கச் சிவப்பாகும். ஸ்டைரீன் முழுவதும் சங்கிலியாகிவிட்ட பிறகும் அந்தச் சிவப்பு போகாது. அந்த நிறம்தான் சேதி: சங்கிலிகளின் நுனி இன்னும் அணையவில்லை. மேலும் ஸ்டைரீன் விட்டால் அதே சங்கிலிகள் மேலும் நீளும், கரைசல் குழகுழவென்று கெட்டியாகும். எல்லா நுனிகளிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளுமே தவிர, சேர்ந்து அணைந்துபோகாது. தண்ணீர், காற்று, ஆல்கஹால் எதுவும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஸ்டைரீன் தீர்ந்த இடத்தில் ஐசோப்ரீனை விட்டால், அதே சங்கிலியில் ரப்பர்ப் பகுதி வளரத் தொடங்கும். 1956-ல் வந்த அவருடைய கட்டுரைகள் இரண்டும் இந்த வேலையைச் சொல்கின்றன. ஒன்றில் அவரோடு கையெழுத்திட்டவர்கள் மோஷே லெவி, ரால்ஃப் மில்கோவிச். மில்கோவிச் அப்போது மாணவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஷ்வார்ட்ஸின் முறையிலிருந்து நேராக ஷூ சோலுக்கு வந்துவிட முடியாது. இரண்டு இடைஞ்சல். ஒன்று, அந்தச் சோடியம் முறையில் சங்கிலி ஒரே நேரத்தில் இரண்டு முனையிலும் வளரும். ஸ்டைரீனில் தொடங்கினால் ஸ்டைரீன் நடுவிலும் ரப்பர் இரண்டு ஓரத்திலும் போய் நிற்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ். அதையாவது ரப்பரில் தொடங்கிச் சரிசெய்யலாம். இரண்டாவது இடைஞ்சல் கரைப்பானில். டெட்ராஹைட்ரோஃப்யூரானில் வளரும் பியூட்டடையீனோ ஐசோப்ரீனோ நல்ல ரப்பர் ஆகாது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விதம் மாறி, குளிரில் விறைக்கிற ஒரு சரக்காக வரும். ரப்பருக்கு வேண்டிய கோப்பு சோடியத்துக்குப் பதில் லித்தியத்தைப் போட்டால்தான் கிடைக்கும், அதுவும் பெட்ரோலிய வகைக் கரைப்பானில். அந்தப் பாதையை ஏக்ரானில் ஃபயர்ஸ்டோன் ஆட்கள் 1950-களின் நடுவில் திறந்தார்கள். ஃபிரடெரிக் ஸ்டேவ்லியின் குழு லித்தியத்தைக் கொண்டு ஐசோப்ரீனிலிருந்து, மரத்துப் பாலின் அமைப்புக்கு மிகக் கிட்டத்தில் வரும் ரப்பரைச் செய்துவிட்டது.

ஷெல் இந்த லித்தியம் வழியைப் பிடித்துக்கொண்டு செயற்கை ஐசோப்ரீன் ரப்பர் செய்யத் தொடங்கியது. மில்கோவிச்சும் ஷெல்லில் வந்து சேர்ந்தார். சிராக்யூஸ் குடுவையும் ஏக்ரான் லித்தியமும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தது அப்போதுதான். தற்செயல் என்கிறவர்கள் இந்தச் சந்திப்பைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

தற்செயலின் பங்கு இனிமேல்தான். லித்தியத்தில் செய்த ரப்பருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சங்கிலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், கிளை எதுவும் கிடையாது. வேகவைக்காத நிலையில் அது நிற்காது. பேல் கட்டிக் கிடங்கில் அடுக்கினால் தன் பாரத்திலேயே மெதுவாக வழிந்து பரவும். டயர் கட்டுகிறவர்களுக்கும் அந்தப் பச்சை ரப்பர் கையில் நிற்காமல் தொல்லை கொடுக்கும். இதைச் சரிசெய்யச் சங்கிலியின் நுனிகளில் கொஞ்சம் பாலிஸ்டைரீனை வைத்துப் பார்க்கலாம் என்று டாரன்ஸில் முயன்றார்கள். எதிர்பார்த்தது கொஞ்சம் விறைப்பு மட்டும். மில்கோவிச் செய்ததை ஷெல்லில் அவரோடு இருந்த ஜெஃப்ரி ஹோல்டன் இழுத்துப் பார்த்தபோது, கந்தகமும் இல்லாமல், பலத்துக்குப் போடும் கரியும் இல்லாமல், அது வெந்த ரப்பராகவே நடந்துகொண்டது. ஒன்பது மடங்கு நீளும், விட்டால் திரும்பும். அறுப்பதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தது. கரி போடாத ஜி.ஆர்.எஸ். வெந்த பிறகும் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே பெரிது. அப்புறம் அதைச் சூடாக்கினால் உருகியது. 1962 ஜனவரியில் ஹோல்டனும் மில்கோவிச்சும் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார்கள். 1966 ஆகஸ்டில் கிடைத்தது. இடையில், 1965-ல், கிராட்டன் என்ற பெயரில் சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது. டாரன்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திய நார்மன் லெக் பிற்காலத்தில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

இப்போது பாய் கேட்டதற்கு வரலாம். நீண்ட சங்கிலிகளுக்கு ஒரு பொதுப் பிடிவாதம் உண்டு: வேறு வகைச் சங்கிலியோடு கலக்காது. சின்ன மூலக்கூறுகள் கலந்தால் அவற்றுக்கு ஏகப்பட்ட புது இடங்கள், புது அமைப்புகள் கிடைக்கின்றன. அந்த ஆதாயத்துக்காகவே கலந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலிக்கு அந்த ஆதாயம் மிகச் சொற்பம். கொஞ்சம் வெறுப்பு இருந்தாலே பிரிந்துவிடும். பாலிஸ்டைரீனும் பாலிபியூட்டடையீனும் அப்படித்தான். ஆனால் இங்கே இரண்டும் ஒரே சங்கிலியின் பகுதிகள், வேதிப் பிணைப்பால் கட்டுண்டவை. விட்டு ஓட முடியாது. ஆகவே ஸ்டைரீன் நுனிகள் பக்கத்துச் சங்கிலிகளின் ஸ்டைரீன் நுனிகளைத் தேடிச் சேர்ந்து சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். ஒரு பொதுவான சரக்கில் ஓர முனை ஒவ்வொன்றும் 10,000 மூலக்கூறு எடை, நடு ரப்பர் 50,000-லிருந்து 70,000 வரை. அதில் உருண்டையின் குறுக்களவு 20-லிருந்து 30 நானோமீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் சில நூறு முனைகள் குந்தியிருக்கும். 100 டிகிரிக்குக் கீழே பாலிஸ்டைரீன் கண்ணாடிபோல் இறுகிப்போகும். நடுவில் உள்ள பாலிபியூட்டடையீனோ பூஜ்யத்துக்குக் கீழே 90 டிகிரி வரை இளகியே இருக்கும். இறுகிய உருண்டைகள், நடுவே இளகிய ரப்பர். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போட, கந்தகம் செய்ய வேண்டிய வேலையை இந்த உருண்டைகள் செய்கின்றன. கரி செய்ய வேண்டிய வேலையையும் ஓரளவு அவையே செய்கின்றன. மெஷின் பீப்பாயில் 170, 180 டிகிரி சூட்டில் உருண்டைகள் இளகிச் சரக்கு ஓடும். அச்சில் ஆறும்போது திரும்ப இறுகும். வேகவைக்கிறது யார் என்றால், ஆறுகிற நேரம்தான், பாய்.

இதில் மிக முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டைரீன் முனை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இத்தனையும் வீண். மாட்டுக் கயிற்றின் ஒரு முனையை மட்டும் முளையில் கட்டி மறுமுனையைத் தரையில் போட்டால் எதைப் பிடித்து நிறுத்தும்? இரண்டு முனையும் இரண்டு முளையில் இருந்தால்தான் இழுக்கும்போது விறைக்கும். ஒரு முனைச் சரக்கும் அதே காலத்தில் சந்தையில் இருந்தது. ஓக்லஹாமாவின் பார்ட்லஸ்வில்லில் இருந்த ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் லித்தியத்தைக் கொண்டு இரு-துண்டுச் சங்கிலிகளைச் செய்து விற்றது. அதையும் மற்ற ரப்பர்போலக் கந்தகம் போட்டு வேகவைக்கத்தான் வேண்டும். ஷெல்லுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தூரம் ஒரே ஒரு ஸ்டைரீன் முனை. ஃபிலிப்ஸ் ஆட்கள் பிறகு இரு-துண்டுச் சங்கிலிகளின் அணையாத நுனிகளை நட்சத்திரம்போல் நடுவில் முடிச்சுப் போட்டு அந்தத் தூரத்தைக் கடந்தார்கள். சிலிக்கான் டெட்ராகுளோரைடைப் போட்டால் நாலு கை வரும். அது நல்ல சரக்கு. நான் அதில் நிறைய சோல் ஊற்றியிருக்கிறேன்.

மூன்று படிகளில் செய்கிற ஆலையை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். சைக்ளோஹெக்சேனில் ஸ்டைரீன், அதில் பியூட்டைல் லித்தியம். கரைசல் ஆரஞ்சுச் சிவப்பாகும். ஸ்டைரீன் தீர்ந்ததும் பியூட்டடையீன். சிவப்பு வெளிறி இளமஞ்சளாகும். அதுவும் தீர்ந்ததும் இரண்டாவது முறை ஸ்டைரீன். சிவப்பு திரும்ப வரும். கடைசியில் ஒரு சொட்டு ஆல்கஹால் எல்லா நுனிகளையும் அணைக்கும். ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் கரைப்பானிலோ வாயுவிலோ பத்து லட்சத்தில் சில பங்கு ஈரம் இருந்தாலும் அந்த அளவுக்கு நுனிகள் அணைந்துபோகும். இரண்டாவது படியில் அணைந்தவை ஒரு முனைச் சங்கிலிகளாகவே நின்றுவிடும். ஏக்ரான் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் மார்ட்டன் குழு இதை அளந்து காட்டியது: முதல் படியிலேயே அணைந்த வெறும் பாலிஸ்டைரீன் கலந்திருந்தால் பெரிய கேடில்லை, உருண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் இரு-துண்டுச் சங்கிலி கொஞ்சம் கலந்தாலும் பலம் சரசரவென்று இறங்கும். போர்க்கால ஆலைகளில் சோப்புத் தண்ணீரில் ரப்பர் செய்தவர்களின் பிள்ளைகள் காலத்தில், அதே வளாகத்தில், ஒரு துளி ஈரத்துக்கு நடுங்கிக்கொண்டு ரப்பர் செய்தார்கள்.

உருண்டைகள் இருப்பதாக ஊகிப்பது ஒன்று, பார்ப்பது வேறு. ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஆவி பியூட்டடையீனில் மட்டும் ஏறிக் கறுக்கும்; எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ரப்பர் கறுப்பாகவும் ஸ்டைரீன் வெள்ளையாகவும் தெரியும். ஜப்பானில் கட்டோ இந்தச் சாயமேற்றும் வழியை 1960-களின் நடுவில் காட்டிய பிறகு, படங்கள் வரத் தொடங்கின. ஸ்டைரீன் குறைவாக இருந்தால் உருண்டைகள். கூட்டினால் நீண்ட தண்டுகள், தேன்கூட்டு அடுக்கில். பாதிக்குப் பாதி வந்தால் தட்டுத்தட்டாகப் படலங்கள். இன்னும் கூட்டினால் எல்லாம் தலைகீழாகி, ஸ்டைரீனுக்குள் ரப்பர்த் தண்டுகள், ரப்பர் உருண்டைகள். 1969-ல் ஷெல்லின் டேல் மெயர் இந்த உருண்டைகள் ஏன் குறிப்பிட்ட அளவிலேயே நிற்கின்றன என்பதற்குக் கணக்குப் போட்டார்: பெரிதானால் நடு ரப்பர் அளவுக்கு மீறி நீள வேண்டும், சின்னதானால் எல்லைப்பரப்பு கூடும். இரண்டு இழுவைக்கும் நடுவில் அந்த இருபது, முப்பது நானோமீட்டர்.

எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் பிரிஸ்டலில் நடந்தது. ஆண்ட்ரூ கெல்லர் ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர், பாலித்தீன் படிகங்களில் சங்கிலிகள் மடிந்து கிடப்பதை 1957-ல் காட்டிப் பெயர் பெற்றவர். கடையில் வாங்கக்கூடிய கிராட்டனை அவர் குழு ஒரு சின்ன எக்ஸ்ட்ரூடரில் தள்ளி, பிறகு சூட்டில் ஆற வைத்தது. வெளியே வந்த கட்டிக்குள் ஸ்டைரீன் தண்டுகள் அத்தனையும் ஒரே திசையில், அறுகோண அடுக்கில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக நின்றன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் உப்புப் படிகம்போல் புள்ளி புள்ளியாக விழுந்தது. 1970-ல் வெளியான அந்தக் கட்டுரையில் அதற்கு ஒற்றைப் படிகம் என்றே பெயர் வைத்தார்கள். அணுக்கள் அல்ல, கடையில் கிலோ கணக்கில் விற்கும் ரப்பர். தண்டுகளின் திசையில் அந்தக் கட்டி விறைப்பு, குறுக்கே இழுத்தால் சாதாரண ரப்பர். சோல் ஊற்றுகிறவனுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. அச்சுக்குள் சரக்கு ஓடிய திசையில் சோலை வெட்டி இழுத்தால் ஒரு எண், குறுக்கே வெட்டி இழுத்தால் வேறு எண். இரண்டு துண்டுக்கும் ஒரே பாட்ச் எண்தான். சரக்கு அச்சுக்குள் நுழையும் கேட்டை எங்கே வைப்பது என்று அச்சு செய்கிறவரோடு தகராறு வரும்போதெல்லாம் எனக்கு பிரிஸ்டல் ஞாபகம் வரும், அவருக்கு வராது.

கியோட்டோவில் ஹாஷிமோட்டோவும் கவாயும் படலம் படலமாக அடுக்கிய சரக்கை இழுத்துப் பார்த்தார்கள். முதல் இழுப்பில் அது பிளாஸ்டிக்போலக் கழுத்து ஒடுங்கி நீளும். இரண்டாம் இழுப்பில் ரப்பர். முதல் இழுப்பில் ஸ்டைரீன் படலங்கள் உடைந்து துண்டாகி ரப்பருக்குள் மிதக்கின்றன என்பதை 1978-ல் எழுதினார்கள். சும்மா வைத்திருந்தாலோ கொஞ்சம் சூடு காட்டினாலோ துண்டுகள் ஒட்டி மறுபடி பிளாஸ்டிக் ஆகிவிடும். தண்டுக்கும் படலத்துக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் இடத்தில் இரண்டு பொருளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போகும் ஒரு விநோத வடிவமும் உண்டு. அதை முதலில், 1986-ல், வைரத்தின் அமைப்பு என்று பெயரிட்டு, 1994 வாக்கில் எக்ஸ்-கதிரில் திரும்பப் பார்த்து ஜைராய்டு என்று திருத்தினார்கள். நாசாவில் இருந்த ஆலன் ஷோன் 1970-லேயே காகிதத்தில் வரைந்திருந்த வளைபரப்பு அது. அறிவியல் சஞ்சிகைகளுக்கு விருந்து. சோலுக்குப் பயனில்லை.

கிராட்டனின் முதல் பெரிய வாடிக்கை காலணிதான். நம் பக்கம் அது வந்த வழி வேறு. 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசின் சீதாராமய்யா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை அனுப்பாதே, முடிந்த பொருளாக்கி அனுப்பு என்றது. ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் ஊர்களிலிருந்து ஷூ ஊர்கள் ஆயின. மேல்தோல் இங்கேயே, சோல் மட்டும் எங்கிருந்தோ என்ற நிலை மாறி, பிறகு சோல் கம்பெனிகளும் முளைத்தன. தைவான், கொரியா, சீனா மூட்டைகளில் எஸ்.பி.எஸ்., அதாவது இந்த ஸ்டைரீன்-பியூட்டடையீன்-ஸ்டைரீன் சரக்கு, வரும். அதோடு எண்ணெய், கிரிஸ்டல் பாலிஸ்டைரீன், சுண்ணாம்புப் பொடி, நிறம். இந்தக் கலவைதான் தொழில்.

அதில் எண்ணெய் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நாப்தெனிக் எண்ணெய் ரப்பர்ப் பகுதிக்குள் மட்டும் போய் அதை இளக்கும், விலையையும் குறைக்கும். அரோமாட்டிக் எண்ணெய் ஸ்டைரீன் உருண்டைகளுக்குள்ளும் புகுந்துவிடும். ஒரு கம்பெனியில் கொள்முதல் ஆள் விலை பார்த்து எண்ணெயை மாற்றிவிட்டார். சோல் அச்சிலிருந்து வரும்போது நன்றாகவே இருந்தது. மே மாதக் கிடங்கில் அடுக்கி வைத்ததும் கீழ் வரிசை சப்பையாகிப் போனது. கந்தக ரப்பரில் கந்தகம் கழன்றால் என்ன ஆகுமோ, அதுதான் நடந்தது. சரியான எண்ணெய் போட்டாலும் 60, 65 டிகிரிக்கு மேல் இந்தச் சோலை நம்பக் கூடாது. டீசலில் உப்பிவிடும், டொலுவீனில் கரைந்தேவிடும்; அதனால்தான் பாதுகாப்பு ஷூவுக்கு நைட்ரைலும் பாலியூரித்தேனும். மேல்தோலோடு ஒட்டுவதற்கும் சும்மா பசை போதாது, குளோரின் விடும் பிரைமர் பூசி மேற்பரப்பை மாற்ற வேண்டும். அந்த நெடி ஒட்டும் லைனில் நின்றவர்கள் யாருக்கும் மறக்காது.

இன்னொரு குறை, நடு பியூட்டடையீனில் உள்ள இரட்டைப் பிணைப்புகள். ஓசோனும் வெயிலும் அதைத்தான் கடிக்கும். ஷெல் 1972-ல் அந்தப் பிணைப்புகளில் ஹைட்ரஜன் ஏற்றி கிராட்டன் ஜி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பல் துலக்கும் பிரஷ் பிடியில் விரலுக்கு மெத்தென்று படும் பகுதி பெரும்பாலும் அந்த வகைதான். விலை அதிகம், சோலுக்குக் கட்டுப்படியாகாது.

அதே 1972-ல் டாரன்ஸ் செயற்கை ரப்பர் ஆலை மூடப்பட்டது. கிராட்டன் ஒஹாயோ ஆற்றங்கரையில் பெல்ப்ரே ஊரில் தொடர்ந்தது. டாரன்ஸ் மனையில் அலுவலகக் கட்டடங்களும் கிடங்குகளும் வந்தன, ஆனால் முப்பது வருடக் கழிவைக் கொட்டிய குழிகள் கீழே இருந்தன, பென்சீன் நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது. 2002-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு தன் அபாயப் பட்டியலில் அதைச் சேர்த்தது. இந்த ரப்பரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஹோல்டனின் இழுவைச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். குழிகளும் அதே வளாகத்தின் வரலாறுதான்.

இன்று உலகில் எஸ்.பி.எஸ். பெருமளவு போவது ஷூவில் அல்ல, சாலையிலும் தார்க் கூரை விரிப்புகளிலும். தாரில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கலந்தாலே, ரப்பர்ப் பகுதி தாரின் எண்ணெயை உறிஞ்சிப் பல மடங்கு உப்பி, தார் முழுவதும் வலைபோல் பரவிவிடும். நெடுஞ்சாலைக்கு வரும் அந்தத் தாரை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கிற முறை எங்கள் தொழில் ஆட்களுக்கு உடனே புரியும். 15 டிகிரித் தண்ணீரில் தார்க் கட்டியை 10 சென்டிமீட்டர் இழுத்து, நடுவில் கத்தரித்து, ஒரு மணி நேரம் விட்டு, எவ்வளவு திரும்பியது என்று பார்க்கிறார்கள். வெறும் தார் இழுத்த இடத்திலேயே கிடக்கும். இரு-துண்டுச் சங்கிலி அதிகம் கலந்த மலிவுச் சரக்கைப் போட்டிருந்தால் இங்கேதான் மாட்டும்.